தொடாமல் வளர்த்த நாய்

கம்பளிக் கிழிசலுக்குள்ளிருந்து வந்த வாசம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. செம்மறியாட்டு மூத்திரமும் வெயிலில் காய்ந்த புழுக்கையும் புளித்த பாலும் கலந்த வாசம். அம்மா அந்தக் கிழிசலை இரு கையாலும் ஏந்திக்கொண்டு அறுப்பு முடிந்த வயலின் வரப்பில் முன்னே நடந்தாள். நான் அவள் நிழலை மிதித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். உள்ளே கண் திறக்காத ஒரு நாய்க்குட்டி இருந்தது. என் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் என் உள்ளங்கையில் அது ஒருநாளும் இருந்ததில்லை.

நாங்கள் இருந்தது திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையோரத்துத் தெரு. தெருவே மிராசுதார் பண்ணையில் வேலை செய்த தெருதான். உச்சவரம்புக்கு மேல் இருக்கும் நிலம் என்று சர்க்கார் பண்ணையில் ஒரு பகுதியை எடுத்து எங்கள் தெருக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்த காலம் அது. எங்களுக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு துண்டு வந்தது. டீக்கடையில் கட்சிக்கொடி கட்டி, மைக் வைத்து, மாலை போட்டுக் கொடுத்தார்கள். கொடி சாயம் போவதற்குள் மிராசுதார் கோர்ட்டுக்குப் போய்விட்டார். நிலம் வாங்கிய குடும்பங்களுக்குப் பண்ணையில் வேலை கிடையாது என்று அவருடைய ஏஜெண்டு தெருவில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா நாகப்பட்டினத்தில் மூட்டை தூக்கப் போனார். போகும்போது அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்: "வயல வெறுமனே போடாத. ஆளு இல்லாட்டி ஆடாவது நிக்கட்டும்."

அதனால் எங்கள் ஆடுகள் வயலில் நின்றன. பெரியப்பா வீட்டிலிருந்து வாரத்துக்கு வாங்கி வந்த வெள்ளாடுகள். ஈனும் குட்டிகளில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. அம்மா வயலின் ஓரத்தில் கீற்றால் ஒரு கொட்டில் போட்டாள். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரம். பால் காலையில் டீக்கடைக்குப் போகும். அப்பா அனுப்புவது வராத மாதங்களில் குட்டி ஒன்று சந்தைக்குப் போகும். இந்த ஆடுகள் இல்லாமல் போனால் நாங்கள் மறுபடி பண்ணை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். போய் நின்றால் நிலத்தைக் கையோடு கேட்பார்கள் என்று எனக்கே தெரியும். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

வாய்க்கால் கரையில் கருவைப் புதர் மண்டிக் கிடந்தது. பொழுது சாயும்போது அதிலிருந்து நரி வரும். ஈனி இரண்டு நாள் ஆகாத குட்டியைக்கூடக் கவ்விக்கொண்டு போய்விடும். அம்மா கூலிக்குப் பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் கொட்டில் வாசலில் கொஞ்சம் ரத்தம் மட்டும் கிடக்கும். எங்கள் செவலை ஆடு அப்படிக் குட்டியை இழந்து, மடி கனத்துப் போய் கத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் ராமநாதபுரத்துக் கீதாரி வந்தார்.

கோடையில் கீதாரிகள் செம்மறி மந்தையோடு நடந்தே வருவார்கள். பெரிய பண்ணைகளின் வயல்களில் ஆட்டை அடைப்பார்கள். அதைத்தான் "கெடை போடுறது" என்போம். உரத்துக்காக மிராசுதார்கள் நெல் அளப்பார்கள். கெடை போடச் சொல்ல எங்களுக்கு வசதியில்லை. அம்மா கேட்கப் போனது நாய்க்குட்டி. கெடையைச் சுற்றிப் படுத்திருக்கும் அந்த நாய்களை அவள் பார்த்துவைத்திருந்தாள்.

"நாய்க்குட்டி வீட்டுக்கா தாயி, ஆட்டுக்கா?" என்று கேட்டார் கீதாரி.

"ஆட்டுக்குத்தான் அண்ணே. நரி ஒரு குட்டியத் தங்க விடமாட்டேங்குது."

"வீட்டுக்குன்னா குடுக்க மாட்டேன். ஆட்டுக்குன்னா நான் சொல்றபடி வளப்பியா?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் சொல்லிக்கொண்டே போனார். "கண்ணு தொறந்ததும் மொதல்ல ஆட்டைத்தான் பாக்கணும். ஆட்டுப்பாலுதான் குடிக்கணும். ஒருத்தரும் தொடப்படாது, தடவப்படாது, பேரு வச்சுக் கூப்பிடப்படாது. மனுசக் கையி ருசி கண்டுச்சுன்னா ஒங்க அடுப்படியிலதான் வந்து படுக்கும், ஆட்டோட நிக்காது. சரியா வளந்துச்சுன்னா ஆடு நடந்தா கூட நடக்கும். ஆடு நின்னா ஒரு பயலக் கிட்ட விடாது."

விலை என்ன என்று அம்மா கேட்டதற்கு, நாயை விற்கும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றார். பொட்டைக்குட்டி தருவதாகவும், அது ஈனும்போது ஒரு குட்டி கெடைக்குத் திரும்பி வரவேண்டும் என்றும் சொன்னார். குட்டியைக் கையால் தொடாமல் தன் கம்பளியில் ஒரு துண்டைக் கிழித்து அதற்குள் உருட்டிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தை கொட்டில் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு முகவாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஏண்டி பாக்கியம், போயும் போயும் பொட்ட நாயா? ஊரு நாயெல்லாம் ஒன் வயக்காட்டுல வந்து வரிசையில நிக்கப்போவுது பாரு."

"நிக்கட்டும். நரி நிக்காம இருந்தாப் போதும்" என்றாள் அம்மா.

செவலை ஆட்டின் பாலைக் கறந்து குட்டியின் முதுகெல்லாம் துணியால் தடவினாள். ஆடு மூத்திரம் பெய்த வைக்கோலில் அதைப் புரட்டினாள். பிறகு ஆட்டின் பின்னங்காலை முழங்காலுக்கிடையில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பளித் துண்டோடு குட்டியை மடிக்கு நகர்த்தினாள். ஆடு உதைத்தது. அம்மாவின் தாடையில் பட்டு வீங்கியது. மறுநாள் காலையிலும் அப்படியே உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். செல்லம்மா அத்தை தினம் ஒருதரம் வந்து வேடிக்கை பார்ப்பாள்.

"ஒம் மவனுக்குக்கூட இப்புடிக் குந்திப் பாலு குடுத்திருக்க மாட்டடி."

"அவன் கேட்டாத்தானே அத்தாச்சி? வாயத் தொறந்து எதையாவது கேக்குறானா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கொட்டில் காலின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்போதெல்லாம் நான் அப்படித்தான்; நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கேட்டால்கூடப் பக்கத்துப் பையன்தான் சொல்லுவான்.

ஒரு காலையில் அம்மா பிடிக்காமலே செவலை காலை அகட்டி நின்றது. குட்டி தானே தேடிப் போய் முட்டிக் குடித்தது. அம்மா எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அன்றைக்குக் கூலிக்குப் போக அவளுக்கு நேரமாகிவிட்டது.

குட்டிக்குக் கண் திறந்தபோது அதன் முன்னால் இருந்தது செவலையின் முகம். பிறகு அது ஆட்டுக்குட்டிகளோடு துள்ளியது, அவற்றின் மேல் ஏறிப் படுத்தது, அவை கத்தினால் தானும் ஏதோ ஒரு குரலில் கத்தப் பார்த்தது. தெருப் பிள்ளைகள் "ஆட்டுக்குப் பொறந்தது" என்று கேலி செய்தார்கள். ஆட்டுப்பால் போதாமல் போனதும் கஞ்சியை உடைந்த சட்டியில் ஊற்றி ஆடுகளுக்கு நடுவில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அந்த வேலை என்னுடையது. அம்மா பால் கறக்கத் தினமும் ஆடுகளுக்குள் போவதால் அவளை மட்டும் அது ஒன்றும் செய்யாது. என்னைக் கஞ்சிச் சட்டியாகத்தான் அதற்குத் தெரியும்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வரப்பில் வந்து உட்காருவேன். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வேன். அப்படி வைத்துக்கொள்ளாவிட்டால் கை தானாக நீளும். ஒருதரம் அது பின்னால் வந்து என் குதிகாலை நக்கியது. வெதுவெதுப்பாக, சொரசொரவென்று இருந்தது. நான் அசையவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டேன். கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டு அது ஆடுகளிடம் திரும்பிப் போயிற்று. அன்று வீட்டில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு அதற்கு ஒரு பெயர் வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. அதற்கும் சொல்லவில்லை. சொன்னால் நரி வரும் என்பதுபோல் எனக்குள் ஒரு பயம்.

மழைக்காலம் வருவதற்குள் அது ஆட்டுயரம் வளர்ந்துவிட்டது. சாம்பல் நிறம், மார்பில் மட்டும் வெள்ளை. மற்ற நாய்களைப்போல நரியைத் துரத்திக்கொண்டு ஓடாது. புதர் அசைந்தால் ஆடுகளுக்கும் புதருக்கும் நடுவில் போய் நிற்கும்; தலையைத் தாழ்த்தி, குரைக்காமல், தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பும். அந்தப் பருவத்தில் ஈனிய குட்டிகள் அத்தனையும் எங்களுக்குத் தங்கின. பெரியப்பாவுக்குப் பாதி கொடுத்தது போகவும் கொட்டில் நிறைந்தது. வயலில் சம்பா நட்டோம், அறுத்தோம். பண்ணை வாசலுக்கு நாங்கள் போகவில்லை.

போகாததுதான் பொறுக்கவில்லை போலும். அறுப்பு முடிந்து, அறுத்த நெல்லின் தாளடி காய்ந்து கிடந்த மாதத்தில், அம்மா உளுந்து பறிக்கப் போயிருந்த ஒரு காலையில், பண்ணை ஆட்கள் வந்து எங்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் அதைப் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரில்தான் "பவுண்டு" இருந்தது. அடுத்தவர் வெள்ளாமையில் மேய்ந்த ஆடுமாட்டைக் கொண்டுவந்து அடைக்கும் மண்சுவர் அடைப்பு அது. ஆட்கள் எட்ட நின்று மண்ணாங்கட்டி எறிந்து ஓட்டினார்கள். ஆடுகள் நடந்ததால் நாயும் நடுவில் நடந்தது. அத்தனையும் பவுண்டுக்குள் போனதும் மூங்கில் கதவு மூடிற்று. ஆடுகள் நின்றன. நாய் கதவுக்கு நேரே வந்து நின்றது.

பவுண்டைப் பார்த்துக்கொண்டவர் பஞ்சாயத்தில் வேலை செய்த ஒரு வயதானவர். கெட்டவர் இல்லை, சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடுகிறவர். அம்மா ஓடி வந்ததும் அவர் தணிந்த குரலில் சொன்னார்: "தெண்டத்தக் கட்டி ஓட்டிட்டுப் போயிடும்மா. எதுக்கு வம்பு?"

"எங்க வயல்ல நின்ன ஆட்டுக்கு நான் எதுக்குங்க தெண்டம் கட்டணும்?"

"மிராசுதார் வயல்ல மேஞ்சுதுன்னு ஏஜெண்டு சொல்றாரு."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தெரு முழுவதற்கும் புரிந்தது. தெண்டம் கட்டினால் ஆடு வந்துவிடும். ஆனால் அந்த வயல் மிராசுதாருடையது என்று அம்மாவே ஒத்துக்கொண்டதாகிவிடும். கோர்ட்டில் அதைத்தான் சொல்லுவார்கள். கட்டாவிட்டால் ஆடுகளை ஏலம் விடுவார்கள். அம்மா பவுண்டு வாசலில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் வேலைவிட்டு வரும் வழியில் ஆளுக்குக் கொஞ்சம் கிளுவைத் தழையை ஒடித்துச் சுவருக்கு மேல் எறிந்துவிட்டுப் போனார்கள். பவுண்டுக்காரர் தண்ணீரைச் சுவருக்கு வெளியே நின்று சட்டியில் ஊற்றினார். உள்ளே போக அவருக்குத் துணிவில்லை.

ஏலத்தன்று தண்டோரா போட்டார்கள். தெருக்காரர்கள் யாரும் ஏலம் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்து ஏஜெண்டு டவுனிலிருந்து ஒரு கறிக்கடைக்காரரைக் கூட்டி வந்திருந்தார். அவர் கதவுக்கு மேல் தலையை நீட்டினார். நாய் தலையைத் தாழ்த்தித் தொண்டைக்குள் அந்தச் சத்தத்தை எழுப்பிற்று. அவர் தலையை எடுத்துக்கொண்டார்.

"வெலையச் சொல்லுய்யா" என்றார் ஏஜெண்டு.

"முதுகுல கை வைக்காம, சப்பையப் புடிச்சுப் பாக்காம எப்புடிங்க வெல சொல்றது?"

"கண்ணால பாத்தாத் தெரியாதா?"

"கண்ணால பாத்துப் பொண்ணு எடுக்கலாமுங்க, ஆடு எடுக்க முடியாது."

கூட்டம் சிரித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுவரில் ஏறி உட்கார்ந்து சிரித்தார்கள். ஏஜெண்டுக்கு முகம் கறுத்தது. "அந்த நாயை அடிச்சுப் போடுங்கடா" என்றார். பண்ணை ஆட்கள் கம்பை எடுத்தார்கள். அம்மா எழுந்து கதவை மறித்து நின்றாள். அப்போது பவுண்டுக்காரர் வாய் திறந்தார். "ஏஜெண்டு சார், ஆடு மாடுதான் என் பொறுப்பு. நாயை உள்ள வச்சதே தப்பு. அடிச்சு வேற கொன்னா நாளைக்கு மேலேருந்து கேக்கும்போது நீங்களா வந்து நிப்பீங்க?"

ஏஜெண்டு ஆட்களை விலகச் சொல்லிக் கையைக் காட்டினார். "அப்ப நாயை வெளிய எடு" என்றார்.

"ஏம்மா பாக்கியம், நாயைக் கூப்பிட்டுக்கம்மா."

"அது எங்க நாய் இல்லீங்க" என்றாள் அம்மா. "ஆட்டு நாயி. ஆடு வந்தா வரும்."

மறுபடி சிரிப்பு. பவுண்டுக்காரர் சுற்றும் முற்றும் பார்த்து, அம்மாவின் பின்னால் நின்ற என்னைக் கண்டுபிடித்தார். "தம்பி, நீ கூப்புடுறா. சின்னப் புள்ளைவொ கூப்புட்டா நாயி வந்துரும். பேரு என்னடா அதுக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏஜெண்டு, கறிக்கடைக்காரர், சுவரின் மேல் உட்கார்ந்த பிள்ளைகள், ஜன்னலில் வாத்தியார். பெயர் என் நெஞ்சில் இருந்தது. கூப்பிட்டால் வருமா என்று எனக்குத் தெரியாது. குதிகாலை நக்கிய நாள் நினைவுக்கு வந்தது. வந்தாலும் வந்துவிடும் என்று தோன்றிற்று. வந்தால் கறிக்கடைக்காரர் உள்ளே போய் ஆட்டின் முதுகில் கை வைப்பார்.

"பேரு இல்லீங்க" என்றேன்.

அந்த ஊர் கேட்க நான் பேசிய முதல் வார்த்தை அது. அதில் பொய்யும் இல்லை. நான் வைத்தது என்னிடமே இருந்தது; நாய்க்கு அதைக் கொடுக்கவில்லை.

கறிக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். கொஞ்ச நேரம் கத்திவிட்டு ஏஜெண்டும் சைக்கிளை எடுத்தார். கூட்டம் கரைந்ததும் பவுண்டுக்காரர் கதவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "நான் டீ குடிக்கப் போறேன். வந்து பாக்குறப்ப கதவு தானா தொறந்து கெடந்துச்சுன்னு சொல்லிக்கிறேன். ஓட்டிட்டுப் போயிடு."

எனக்கு உடனே ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும்போல் இருந்தது. அம்மா நகரவில்லை.

"நாளைக்கு நான் திருடிட்டுப் போயிட்டேன்னு சொல்லுவீங்க. எங்கேருந்து ஓட்டியாந்தாங்களோ அங்கயே நீங்க கொண்டாந்து விடுங்க."

"ஏம்மா, அந்த நாயி என்னைக் கடிச்சுப் போட்டுரும்மா!"

"நீங்க முன்னால நடங்க. ஆடு பின்னால வரும். ஆடு நடந்தா அது ஒண்ணும் பண்ணாது."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு வேட்டியை மடித்துக் கட்டி முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் செவலை, அதற்குப் பின்னால் ஆடுகள், நடுவில் நாய், கடைசியில் அம்மாவும் நானும். பள்ளிக்கூடத்தைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கினோம். பவுண்டுக்காரர் நாலு அடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். வயல்களில் உளுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

எங்கள் வரப்புக்கு வந்ததும் அவர் விலகி நின்று வேர்வையைத் துடைத்தார். "இந்தா, ஒங்க வயல்லயே விட்டாச்சு. போதுமா?"

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. அந்த எரிச்சலில் அவருக்கே தெரியாத ஒரு பெரிய குரல் வந்தது. "ஒங்க வயலும்மா! ஒங்க வயல்!"

நாலு வரப்பு தள்ளி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

கேஸ் அதற்குப் பிறகும் வெகுநாள் நடந்து எங்கள் பக்கம் முடிந்தது. ஏஜெண்டு இன்னும் சில தரம் முயன்று பார்த்தார். ஆடுகளை ஓட்ட மறுபடி யாரும் வரவில்லை. அப்பா திரும்பி வந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு நான் ஆடுகளோடு போய்விட்டேன். நாய் குட்டி போட்டதும் அம்மா கொடுத்த சொல்லை மறக்காமல் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு கெடைக்குப் போய்க் கீதாரியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாய் கிழடாகி, எழ முடியாமல் கொட்டில் ஓரத்தில் கிடந்த நாளில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அப்போது மீசை வந்துவிட்டது. "இனிமே தொட்டுக்கடா" என்றாள். அவ்வளவு நாளும் என் கையை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் உட்கார்ந்து அதன் தலையில் கை வைத்தேன். காதுக்குப் பின்னால் மயிர் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. குனிந்து, வைத்திருந்த பெயரைச் சொன்னேன். அது அசையவில்லை. அதற்கு அந்தப் பெயர் தெரியாது. கொட்டிலுக்குள் ஒரு ஆட்டுக்குட்டி கத்தியது. அப்போது காதைத் தூக்கிற்று.

இன்று பவுண்டு இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. கருவைப் புதர் போய் இறால் குட்டைகள் வந்துவிட்டன. நரி எப்படி ஊளையிடும் என்று என் மகளுக்கு நான் வாயால்தான் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. அவள் வளர்க்கும் நாய்க்கு நல்ல பெயர் இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் ஓடுகிறது, அடுப்படியில் படுத்துத் தூங்குகிறது. அம்மாவும் இல்லை.

வயல் இருக்கிறது. போன அறுப்புக்குப் பிறகு நிலம் அளக்க வந்த புதுப் பையன், வரப்பில் நின்றிருந்த எங்கள் எல்லோரையும் பார்த்து, "இதுல ஒங்க வயல் எதுங்க?" என்று பொதுவாகக் கேட்டான். நாலு பேர் நடுவில் எனக்கு இன்றும் சட்டென்று வாய் வராது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தாளடி குத்தக் குத்த நடந்து, வயலின் நடுவில் போய் நின்றேன்.